மேடையில் இல்லாத நிறம்

மருந்துக்கடைக்காரர் காக்கிக் கோட்டு போட்டுக்கொண்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். விளக்கு அணைந்து எரிந்தபோது மேடையில் நின்றுகொண்டிருந்தார். நாடகத்தில் தபால்காரராக வந்தவர் போட்டிருந்ததும் அதே துணியில் தைத்த கோட்டு. அந்த நடிகர் இப்போது மருந்துக்கடைக்காரரின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திருதிருவென்று விழித்தார். வசனம் ஒன்றும் தெரியாத மருந்துக்கடைக்காரர், கதாநாயகியின் கையில் கடிதத்தைக் கொடுத்து, "சாப்பாட்டுக்கு அப்புறம் எடுத்துக்குங்க" என்றார். நல்ல கைதட்டல். திரை விழுந்ததும் இருவரும் அவரவர் இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அன்றிலிருந்து ஊர் உஷாரானது. புது நாடகம் வரும்போதெல்லாம் நாடகக்குழுவின் தையல்காரர் ஒவ்வொரு வேஷத்தின் துணியிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அரங்கின் வாசலில் ஆணியடித்து மாட்டிவிடுவார். ஜனங்கள் வந்து பார்த்து, தொட்டும் பார்த்து, வீட்டுக்குப் போய் அந்தத் துணி கலக்காத உடுப்பாக எடுத்து வைப்பார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் நாடகத்துக்கு என்ன போட்டுக்கொண்டு போவது என்று கேட்டால், "நல்லதா எதையாவது போடுங்க, ஆணியைப் பார்த்துட்டுப் போடுங்க" என்று சொல்வார்கள். சொல்பேச்சு கேளாதவர்கள் எந்த ஊரில்தான் இல்லை? பல் வைத்தியர் வெள்ளைச் சட்டையோடு போய், மூன்றாம் காட்சி முழுக்கப் பிணமாகக் கிடந்தார். படுத்த சுகத்தில் தூங்கியும்விட்டார். திரை விழுந்து இருக்கைக்கு வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. வீட்டில் குழாய் ஒழுகுவதை மனைவி காதில் சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

சலவைக்கடைக்காரிக்கு இந்தத் தொல்லை இல்லை. அவள் எல்லா நாடகத்துக்கும் கடைசி வரிசையில், வெளுத்துப்போன சாம்பல் நிற உடுப்பில் வந்து உட்காருவாள். அந்த நிறத்தில் யாரும் மேடைக்கு உடுப்புத் தைப்பதில்லை. அவள் வந்தது நாடகம் பார்க்கவும் இல்லை. குழுவின் பெரிய நடிகை அவளுடைய அக்கா. இருவரும் பேசி ஒன்பது வருஷமாகியிருந்தது.

அம்மா இறந்த அன்று அக்கா ராணி வேஷத்தில் மேடையில் இருந்தாள். சேதி கேட்டதும் பாதி நாடகத்தில் இறங்கி, சிவப்பு வெல்வெட் உடுப்பும் தகரக் கிரீடமும் கன்னத்துச் சாயமுமாகத் தெருவில் ஓடி வந்தாள். தங்கை வாசலை மறித்தாள். "எழவு வீட்டுக்கு இந்தக் கோலத்துலயா வருவ? போய் மாத்திக்கிட்டு வா" என்று கதவைச் சாத்தினாள். அக்கா மாற்றிக்கொண்டு வருவதற்குள் அம்மாவை எடுத்துவிட்டார்கள். "உன் வாசப்படியை இனிமே நான் மிதிக்க மாட்டேன்" என்று மட்டும் அக்கா சொன்னாள். சொன்ன சொல் மாறாத பிறவி. தங்கை எதிரே வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போனாள். துணி வெளுக்கக்கூட ஆற்றுப்பாலத்துக்கு அப்பால் இருந்த கடைக்குத்தான் கொடுத்தாள். தங்கை அவள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினால் உள்ளே விளக்கு அணையும். சலவைக்கடைக்காரி எத்தனையோ கறைகளை எடுத்தவள். அந்த ஒரு கதவைச் சாத்தியதை நினைத்து, இஸ்திரிப்பெட்டி கையில் இருக்கும்போதே அழுவாள். துணியில் விழுந்த துளி 'சுர்' என்று காய்ந்துபோகும்.

பத்தாவது வருஷம் அக்கா தங்கைக் கதையாக ஒரு நாடகம் வந்தது. வெகுகாலம் கழித்து அக்கா வீடு திரும்பிக் கதவைத் தட்டுகிறாள், தங்கை திறக்கிறாள். இது யாருடைய கதை என்று ஊருக்கே தெரியும். வாசல் ஆணியில் எல்லாத் துண்டுகளும் வழக்கம்போல உள்ளங்கை அகலம். தங்கை வேஷத்தின் மஞ்சள் பருத்தி மட்டும், ஒரு உடுப்புக்குக் காணும்படி தரையைத் தொட்டுத் தொங்கியது. தையல்காரருக்கு வயசாகிவிட்டது, கத்திரியை மறந்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். சலவைக்கடைக்காரி உச்சிவெயிலில், நாலு பேர் பார்க்க, அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள்.

அவள் கணவன் கண்ணாடி வெட்டும் தொழில் செய்பவன்; எதையும் அளந்து பார்த்தே பழகியவன். "இது சரிப்பட்டு வருமா? உனக்கு வசனமே தெரியாதே" என்றான்.

"தெரிஞ்ச வசனம் ஒண்ணே ஒண்ணு இருக்கு. அது போதும்" என்று அவள் ஊசியில் நூல் கோத்தாள்.

முதல் நாள் இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். விளக்கு அணைந்து எரிந்தபோது சலவைக்கடைக்காரி மேடையில், மரச்சட்டத்தில் பொருத்திய கதவுக்கு முன்னால் நின்றாள். தங்கையாக நடிக்க வேண்டிய பெண் அவள் கணவனுக்குப் பக்கத்தில் வசதியாகச் சாய்ந்து, "நான் இந்த நாடகத்தைப் பார்த்ததே இல்லண்ணே" என்றாள். கதவு தட்டும் சத்தம் கேட்டது. சலவைக்கடைக்காரி தாழ்ப்பாளை நீக்கினாள்.

ஆணியில் மாட்டியிருந்தபடி அக்கா பழுப்பு நிறக் கோட்டில் வந்திருக்க வேண்டும். ஆனால் சிவப்பு வெல்வெட் உடுப்பும் தகரக் கிரீடமும் கன்னத்துச் சாயமுமாக நின்றாள். நல்லவேளை, அன்று அரங்கில் வேறு யாரும் சிவப்பு வெல்வெட் போட்டுக்கொண்டு வரவில்லை.

"மாத்திக்கிட்டு வரணுமா?" என்று அக்கா கேட்டாள்.

"வேணாம்க்கா. இப்படியே உள்ள வா."

அக்கா படியில்லாத அந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். தங்கையின் தோளில் தையலைத் தடவிப் பார்த்தாள். "துணி பத்துச்சாடி?" என்றாள். தையல்காரர் கத்திரியை மறக்கவில்லை என்பது ஊருக்கு அப்போதுதான் தெரிந்தது. இருவரும் அழுதார்கள், மூக்கைச் சிந்தினார்கள். நாடகம் அத்தோடு முடிந்ததாக எடுத்துக்கொண்டு ஜனங்கள் எழுந்து கைதட்டினார்கள்.

அந்த மேடைக் கதவை அதற்குப் பிறகு யாராலும் சாத்த முடியவில்லை. தச்சர் வந்து இழைத்துப் பார்த்தார், கீலை மாற்றிப் பார்த்தார், கூலியை வாங்கிக்கொண்டு போனார். குழுவும் அதற்கேற்ப நாடகங்களை மாற்றிக்கொண்டது. பூட்டை உடைக்க வேண்டிய திருடன் இப்போது "கதவு திறந்துதான் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே வருகிறான். வாசல் ஆணிகளில் மறுபடியும் உள்ளங்கை அகலத் துண்டுகள்தான். அக்கா வாரம் ஒருநாள் வெல்வெட் உடுப்பை வெளுக்கக் கொண்டுவருகிறாள், அங்கேயே சாப்பிடுகிறாள். கொடுத்த வாக்கை மட்டும் மீறுவதில்லை. வாசப்படியை மிதிக்காமல், கொடியில் காயும் துணிகளை விலக்கிக்கொண்டு, பின்கதவு வழியாகத்தான் வருகிறாள்.