முன்மாதிரி வீட்டுக்காரர்

மூக்கண்டப்பள்ளியில் ஒற்றை அறைகளில் வாடகைக்கு இருக்கும் கம்பெனித் தொழிலாளர்களின் பாடுகளை ஸ்வாதி ஒரு தடித்த அறிக்கையாக எழுதி முடித்தாள். ஓசூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் அவளுக்கு ஆய்வாளர் வேலை. கம்பெனிகளுக்குப் பக்கத்திலேயே குறைந்த வாடகையில் அரசு வீடு கட்டித் தர வேண்டும் என்பது கோரிக்கை. வெறும் அழுகையாக இருந்தால் அதிகாரிகள் படிக்கமாட்டார்கள் என்று மேலிடம் சொன்னதால், நல்ல வீட்டுக்காரர் ஒருவரையும் தேடிப் பிடித்துச் சேர்த்தாள்.

அவர்தான் வெங்கடப்பன். கேழ்வரகு விளைந்த நிலத்தில் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். அந்த வட்டாரத்திலேயே குறைந்த வாடகை, தண்ணீருக்கும் பஞ்சமில்லை. ‘முன்மாதிரி வீட்டுக்காரர்’ என்று படத்தோடு அவருக்கு ஒரு முழுப் பக்கம்.

2007இல் பெரிய ஹோட்டல் ஒன்றின் ஏசி அரங்கில் வெளியீட்டு விழா. வாடகைக்காரர்கள் யாரும் வரவில்லை. அவர்களுக்கு ஷிஃப்ட் இருந்தது. வெங்கடப்பன் வந்தார், சால்வை வாங்கினார். வீட்டுவசதி அதிகாரி அறிக்கையைக் கையில் தூக்கி எடை பார்த்தார்.

“ரொம்பப் பிரமாதம். இதைப் பத்தி இன்னொரு ஆய்வு அவசியம் பண்ணணும்” என்றார். கைதட்டல்.

ஸ்வாதி தெருவாரியாக வாடகையைத் திரையில் காட்டினாள். எல்லாரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்க, வெங்கடப்பன் மட்டும் கண்கொட்டாமல் திரையையே பார்த்தார். ஒருவராவது கேட்கிறாரே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

மறுநாள் காலையில் பொற்கொடி போன் செய்தாள். வெங்கடப்பன் வீட்டில் குடியிருப்பவள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவள்.

“யக்கா, நல்லா எழுதுனீக போங்க. வாடகைய ஒண்ணர மடங்காக்கிட்டாரு. கேட்டா ஒங்க புஸ்தகத்தக் காட்டுதாரு.”

ஸ்வாதி ஸ்கூட்டியில் பறந்தாள். வெங்கடப்பன் சால்வையோடே வாசலில் நின்றிருந்தார்.

“வாங்க மேடம்! உங்களாலதான் கண்ணு தொறந்துச்சு. பக்கத்துத் தெரு திம்மப்பன் எவ்ளோ வாங்கறான்னு நேத்துதானே தெரிஞ்சுது!”

“அது அநியாயம்னு காட்டறதுக்குப் போட்டதுங்க.”

“எதுக்குப் போட்டா என்னங்க? ஆராய்ச்சி பண்ணிப் போட்டிருக்கீங்க, தப்பாவா இருக்கும்?”

அவள் அதிகாரிக்குப் போன் செய்தாள். “அப்படியா? அடுத்த ஆய்வுல இதையும் சேர்த்துடுங்க மேடம்” என்று வைத்துவிட்டார்.

குழாயடியில் பொற்கொடியும் மற்ற பெண்களும் குடத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வருடம் உண்மையாகத் திரட்டியதெல்லாம் வெங்கடப்பன் கையில் ஆயுதமாகிவிட்டது. ஸ்வாதி வாயில் வந்த பொய்யை அப்படியே சொன்னாள்.

“சரிங்க. அடுத்த மாசம் டெல்லியில இருந்து ஒரு குழு வருது, முன்மாதிரி வீட்டுக்காரரைப் பார்க்க. இனிமே நான் திம்மப்பனைத்தான் கேட்கணும்.”

“திம்மப்பனா? அவன் வீட்ல குழா தொறந்தா காத்துதான் மேடம் வரும்!” வெங்கடப்பன் சால்வையைச் சரிசெய்துகொண்டார். “டிவிலயும் வருமுங்களா?”

“வரலாம்.”

அன்று மாலையே பழைய வாடகை திரும்பியது. கக்கூஸுக்கு வெள்ளையும் அடித்தார்.

டெல்லிக் குழு வரவில்லை. வெங்கடப்பன் கேட்கும்போதெல்லாம் ஸ்வாதி தேர்தல் என்றாள், மழை என்றாள், குழுத்தலைவருக்கு மஞ்சள் காமாலை என்றாள். அறிக்கை அதிகாரியின் பீரோவுக்குள் போனது. அரசு வீடு ஒன்றுகூட எழும்பவில்லை. திம்மப்பனும் மற்றவர்களும் அதே அறிக்கையைப் பார்த்து வாடகையை ஏற்றினார்கள். வெங்கடப்பன் வீட்டில் மட்டும் ஏறவில்லை.

இரண்டு வருடம் கழித்துக் குழாயடியில் பொற்கொடி கேட்டாள்: “டெல்லி புளிச்சுப் போச்சுக்கா. இப்ப யாரு வாரது?”

“ஜப்பான்காரங்க” என்றாள் ஸ்வாதி.