எடுத்து வை

ஃப்ரீசரின் அடித்தட்டு பனியில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஹேஸல் ஒரு காலைப் பெட்டியின்மேல் ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்தாள். பட்டாணிப் பொட்டலத்துக்கும் மீன் துண்டுகளுக்கும் நடுவில் அந்தப் பழைய ஐஸ்கிரீம் டப்பா கிடந்தது. மூடியில் அப்பாவின் கையெழுத்து: 'தின்பதற்கு அல்ல'. திறந்து பார்த்தாள். ஆறு முட்டைகள். அரைநெல்லி அளவு, மங்கிய மஞ்சள். ஒன்றை எடுத்து டப்பாவின் ஓரத்தில் தட்டியதும் கூழாங்கல்லைத் தட்டினாற்போல் சத்தம் கேட்டது. முப்பத்தைந்து நாளாக உறைந்தது வேறு எப்படிக் கேட்கும்?

முன்னறையில் அப்பா கட்டில் கம்பியைக் கரண்டியால் தட்டினார். குரல் எழுப்பும் தெம்பு போன வாரமே போய்விட்டது.

"வரேன்ப்பா," என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள்.

கால்மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்த வார்த்தையைச் சொன்னார். "இன்னிக்கு முப்பத்தஞ்சாவது நாள். வெடிச்சிருக்கும். அலமாரியிலேர்ந்து டப்பாவைக் கொண்டா, பாக்கணும்."

மருந்து மயக்கத்தில் பேசுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். எந்த அலமாரி என்று கேட்டாள். மாடியில் வெந்நீர்த் தொட்டி இருக்கிற அலமாரி, அங்கேதானே கதகதப்பாக இருக்கும், வேறெங்கே வைத்தாய் என்று பொறுமையாகக் கேட்டார். அவருடைய பொறுமைதான் அவளைப் பயமுறுத்தியது. அப்பா சிரில் பொறுமையான மனிதர் இல்லை. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று எழுபத்தொன்பது வருஷத்தை ஓட்டியவர்.

இங்கிலாந்துக் கடலோர ஊரான க்ரிம்ஸ்பியில் ஆப்பிரிக்கப் பெருநத்தை வளர்க்கிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. பத்தொன்பது உறுப்பினர்கள், நிரந்தரச் செயலாளர் சிரில். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே உபதேசம். முட்டையைக் கண்ட அன்றைக்கே ஃப்ரீசரில் வை. உள்ளே இன்னும் ஒன்றும் உருவாகியிருக்காது, அதனால் பாவமில்லை. வைக்காமல் விட்டால் பொரிந்து பெருகும், வீடு கொள்ளாது, யாராவது கொண்டுபோய்ப் புல்வெளியில் விடுவார்கள், இந்த ஊர்க் குளிரில் அத்தனையும் சாகும். அதுதான் பாவம். ஆனால் வீட்டுக்குள் அவர் ஃப்ரீசர் என்ற சொல்லைச் சொல்லவே மாட்டார். 'எடுத்து வை' என்பார். அவ்வளவுதான். முப்பது வருஷமாக அந்த வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்.

போன மாதம் மேஜரின் தொட்டியில் மண்ணைக் கிளறும்போது முட்டைகளைப் பார்த்தார். மேஜர் என்பது அவர் வைத்திருந்த பெரிய நத்தை. பெயர் வைத்த மறுவாரமே முட்டையிட்டு ராணுவத்தின் மானத்தை வாங்கியது. அன்றைக்கு அவரால் நடக்க முடிந்தது, அதுதான் கடைசி. நாற்காலியில் சாய்ந்தபடி, "ஹேஸல், இந்த ஆறையும் எடுத்து வை," என்றார். அவள் எடுத்து வைத்தாள். பிறகு தினமும், "எப்படி இருக்கு?" என்று கேட்பார். மேஜரைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, "நல்லா இருக்குப்பா," என்பாள். உடனே அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். இந்த நோய் முகத்துக்கு இவ்வளவு சாந்தத்தைக் கொடுத்திருக்கிறதே என்று அவள் ஆச்சரியப்பட்டிருக்கிறாள். அந்தச் சிரிப்பின் காரணம் இப்போது ஃப்ரீசருக்கு முன்னால் நிற்கும்போதுதான் விளங்கியது. அவர் கேட்டதெல்லாம் முட்டைகளைப் பற்றி; இந்த ஒரு தடவை 'எடுத்து வை' என்றது கதகதப்பில் வைக்கச் சொல்லித்தான்.

காலையில் வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் ஜாக்கி, வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள். இன்றைக்கோ நாளைக்கோ. யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் கூப்பிட்டுவிடுங்கள்.

ஹேஸல் முன்னறைக்குப் போனாள். இன்னும் ஒன்றும் வெடிக்கவில்லையா என்று அவர் கண்ணாலேயே கேட்டார். வெடிக்கிற மாதிரி இருக்கிறது, இந்த அறை குளிராக இருக்கிறது, கொஞ்சம் சூடாகட்டும், பிறகு கொண்டுவருகிறேன் என்று ஒரு பொய்யைச் சொன்னாள். அது அவருக்குப் பிடித்திருந்தது. "அதுவும் சரி. அவசரப்படாத," என்றார். பிறகு மூச்சு நின்றது. அவள் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள். ஏழில் திரும்ப வந்தது.

சமையலறைக் கதவின் உள்பக்கம் சங்கத்து ஆட்களின் பெயரும் நம்பரும் ஒட்டியிருந்தன. ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். நத்தைக் குஞ்சு இருக்கிறதா, இன்றைக்குப் பொரிந்ததாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. யாரிடமும் இல்லை. எப்படி இருக்கும்? உன் அப்பா தோலை உரித்திருப்பாரே என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர், சிரில்தான் மகளை விட்டு வேவு பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, என் வாழ்நாளில் ஒரு முட்டையைக்கூடத் தப்பவிட்டதில்லை என்று சத்தியம் செய்தார். சிரில் அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஊர் முழுக்கத் தேடினாலும் அவர் கண்ணில் காட்ட ஒரு குஞ்சு இல்லை.

பட்டியலின் கடைசியில் சிவப்பு மையால் அடித்த ஒரு பெயர் இருந்தது. யூனிஸ்.

சங்கத்தை சிரிலோடு சேர்ந்து ஆரம்பித்தவள் அவள். வியாழக்கிழமை தவறாமல் இந்தச் சமையலறையில்தான் தேநீர் குடிப்பாள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்துக்கு டப்பா நிறையக் குஞ்சு நத்தைகளைக் கொண்டுவந்து, யாருக்கு வேண்டும் என்று கேட்டுவிட்டாள். சிரில் எழுந்து நின்று, இவள் இருக்க வேண்டுமா போக வேண்டுமா, கை தூக்குங்கள் என்றார். அவர் பிடித்த முயலுக்கு என்றைக்குமே மூன்று கால்தான். கை தூக்கினார்கள். ஹேஸலும் தூக்கினாள்.

போனை எடுத்தது யூனிஸ்தான்.

"யூனிஸ் அத்தை, நான் ஹேஸல். சிரிலோட பொண்ணு."

"எந்த சிரிலு?" என்றாள் யூனிஸ்.

ஹேஸல் எல்லாவற்றையும் சொன்னாள். எடுத்து வை என்று அவர் சொன்னதையும் இவள் செய்ததையும், காலையில் நர்ஸ் சொன்னதையும். நான்கு தெரு தள்ளித்தான் யூனிஸின் வீடு.

"பின்வாசலத் திறந்து வை," என்றாள் யூனிஸ்.

வந்தபோது கோட்டுக்குள் மார்போடு அணைத்து ஒரு டப்பாவை வைத்திருந்தாள். ஈரமான தேங்காய் நார்த்தூளில் நான்கு குஞ்சுகள், ஒவ்வொன்றும் மொச்சைக்கொட்டை அளவு. சங்கம் ஆரம்பித்தபோது சிரில் கொடுத்த நத்தையின் வம்சம்தான் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் குத்தலும் இருந்தது, பெருமையும் இருந்தது.

"பொறந்து பதினஞ்சு நாளாச்சு கண்ணு. அவன் கண்ணுக்குத் தப்பாது."

"கண்ணாடி போட்டாலும் இப்ப மங்கலாத்தான் தெரியுது அத்தை."

"அப்ப மூக்குக்குத் தெரியும். போ, போயி காமி. நான் இங்கயே இருக்கேன்."

ஒன்றை ஈரக் கையில் ஏந்திக்கொண்டு ஹேஸல் முன்னறைக்குப் போனாள். எண்ணிக்கை இப்போது பன்னிரண்டுக்குப் போயிருந்தது. பன்னிரண்டு எண்ணிய பிறகுதான் அவர் மூச்சை இழுத்தார். அவசரமாகக் கண்ணாடியை மாட்டிவிட்டாள். அவருடைய புறங்கையைத் தண்ணீரால் துடைத்து, குஞ்சை அதன்மேல் விட்டாள். முதலில் அது ஓட்டுக்குள் சுருண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கொம்பு நீட்டியது. நீல நரம்பு ஓடிய அந்தக் கையின்மேல் நகர ஆரம்பித்தது.

சிரில் வாயைத் திறந்தபடி பார்த்தார்.

"எத்தனை?"

"நாலுப்பா."

"ஆறுக்கு நாலு. மோசமில்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஆயிரக்கணக்குல எடுத்து வெச்சிருக்கேன். என் வீட்டுல ஒண்ணுகூடப் பொரிஞ்சு வெளிய வந்து பாத்ததே இல்ல. ஒரே ஒரு தடவ பாக்கணும்னு இருந்துச்சு."

அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது, பொய்யும் சில சமயம் புண்ணியம்தான் என்று ஹேஸல் நினைத்தாள். கெட்டிக்காரன் புளுகே எட்டு நாள் என்பார்கள். அவளுக்கு எட்டு நிமிடம் கிடைத்தால் போதும்.

அதுகூடக் கிடைக்கவில்லை. குஞ்சு மணிக்கட்டுப் பக்கம் திரும்பியது. அது போன வழியில், மெல்லிய நூல் மாதிரி, ஒரு துளி கழிவு கிடந்தது. நல்ல ஆரஞ்சு நிறம்.

சிரில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்த குஞ்சு முதல் சில நாட்களுக்குத் தன் முட்டை ஓட்டைத்தான் தின்னும், கழிவு வெள்ளையாகத்தான் வரும். முப்பது வருஷம் அந்த உபதேசத்தைக் கேட்ட ஹேஸலுக்கும் இது தெரியும். தன் காது சூடாவதை உணர்ந்தாள்.

"கேரட்டு," என்றார் சிரில்.

"அப்பா..."

"இந்த ஊர்ல பொழுதன்னைக்கும் குஞ்சுக்குக் கேரட்ட ஊட்டுறவ ஒருத்திதான்."

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. "நான் ஃப்ரீசர்ல வெச்சிட்டேன்ப்பா. நீங்க எடுத்து வைன்னீங்க. நான் எப்பவும்போல..." சிறுபிள்ளை மாதிரிக் கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஐம்பத்து நான்கு வயதில் அப்பாவிடம் திட்டு வாங்கப் பயந்து நின்றாள். திட்டாமலேயே போய்விடுவாரோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அவர் கண்ணை மூடினார். எண்ணினாள். பதினாறு.

"வேற எங்க வைப்ப," என்றார். "நான்தானே சொல்லிக் குடுத்தேன்."

அவள் தலையை நிமிர்த்தினாள். அவர் முகத்தில் கோபமில்லை. அந்தப் பழைய சிரிப்பும் இல்லை. களைப்புதான் இருந்தது.

"அவ எங்க?"

"சமையக்கட்டுல."

"கோட்டைக்கூடக் கழட்டாம உக்காந்திருப்பா. வரச் சொல்லு."

யூனிஸ் கோட்டோடுதான் வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டாள். பதினொரு வருஷம் பேசாத இரண்டு பேர் என்ன பேசுவார்கள் என்று ஹேஸல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சுண்ணாம்புக்குக் கணவாய் ஓடு வெக்கறியா?" என்று கேட்டார் சிரில்.

"வெக்காம?"

"ஓடு மெலிசா இருக்கு."

"உன் பார்வைதான் மெலிஞ்சு போச்சு."

அவர் சிரிக்கப் பார்த்தார், இருமலாக முடிந்தது. ஹேஸல் பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தாள். குஞ்சு மணிக்கட்டைத் தாண்டி, மறுபடி விரல்களின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு மாதிரி அத்தனையும் பொரிய விடுறியா?"

"ரெண்டு," என்றாள் யூனிஸ். "ஒவ்வொரு தடவையும் ஒரு நத்தைக்கு ரெண்டு முட்டையை மட்டும் மறந்தாப்ல மண்ணுலயே விட்டுருவேன். மிச்சத்தை எடுத்து வெச்சிருவேன்."

"ரெண்டு," என்றார் சிரில். அதைத் தனக்குள் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது. "ரெண்டு விட்டிருக்கலாம்."

சங்கத்தில் யாரும் கேட்டிராத வாக்கியம் அது. கேட்க வேண்டியவள் கேட்டுவிட்டாள். யூனிஸ் வாயை இறுக்கிக்கொண்டு, முன்னால் வந்து, நாற்காலியில் உட்கார்ந்தாள். கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. வெளியே மீன்துறைப் பக்கமிருந்து லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மூன்று மணி சுமாருக்கு மூச்சு நின்றது. ஹேஸல் எண்ணினாள். இருபது, முப்பது, நாற்பது. அறுபதைத் தாண்டியும் எண்ணிக்கொண்டிருந்தாள். யூனிஸ்தான் எட்டி அவள் முழங்கையைத் தொட்டாள்.

ஜாக்கி அரைமணி நேரத்தில் வந்துவிட்டாள். குனிந்து ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாள், விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டாள். என் அனுதாபங்கள் என்றாள், மனசிலிருந்துதான் சொன்னாள். பிறகு கையை நேராக வைத்துப் போர்த்தலாம் என்று போர்வையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

"இது என்ன?"

"இருங்க," என்றாள் யூனிஸ். "இழுத்துடாதீங்க. குஞ்சு ஓடு பூவாட்டம் இருக்கும், இழுத்தா பிஞ்சிடும். அதுவா இறங்கணும்."

எவ்வளவு நேரமாகும் என்று ஜாக்கி கேட்டாள். சொல்ல முடியாது என்றாள் யூனிஸ். ஜாக்கி இன்னும் ஐந்து வீட்டுக்குப் போக வேண்டும்.

ஹேஸல் கிண்ணத்துத் தண்ணீரில் கையை நனைத்து, அப்பாவின் கையை ஒட்டிப் போர்வையின்மேல் விரித்து வைத்தாள். சூடு குறைந்துகொண்டிருந்த கையின்மேல் குஞ்சு ஓட்டுக்குள் சுருங்கியிருந்தது. வெகுநேரம் கழித்து ஒரு கொம்பு நீண்டது. பிறகு மற்றது.

ஜாக்கி பையைத் தரையில் வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.