மூத்தவர் மெத்தையால் அமுக்கிய பை

குனியாசு துணை மேயராக இருந்து ஓய்வு பெற்றவர். பதவி போய்ப் பத்து வருடமாகியும் பிறர் குனிந்து வணங்குவதற்காகக் காத்து நிற்கும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. சித்தியின் ஏழாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு யார் எங்கே உட்கார வேண்டும் என்று அவர்தான் சீட்டு எழுதி வைத்தார்.

சித்தியின் மகன் சதனோரியின் நெஞ்சுக்குள் ரத்தம் தள்ளும் பம்பு ஒன்று ஓடுகிறது. வயிற்றிலிருந்து வெளியே வரும் கம்பி, தோளில் மாட்டிய பையிலிருக்கும் இரண்டு பேட்டரிகளோடு சேர்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் அவன் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது மருத்துவமனையின் கண்டிப்பு. அந்தப் பயிற்சியைப் பெற்றுத் தேர்வும் எழுதித் தேறியவள் அவன் மனைவி மிட்சுயே. அவளைக் குனியாசு கதவோரம் அனுப்பிவிட்டார். ரத்த உறவுக்குத்தான் முன்வரிசை என்றார். தான் பக்கத்தில் இருக்கும்போது என்ன பயம் என்றும் கேட்டார். பூசை செய்ய வந்த பிக்குவின் முன்னால் வாக்குவாதம் வேண்டாமென்று அவள் போய் உட்கார்ந்தாள். அதற்காகத் தன்னையும் அவள் மன்னிக்கவில்லை.

மந்திரம் பாதியில் இருக்கும்போது பேட்டரி தீரப்போகிறதென்று பை கூவத் தொடங்கியது. குனியாசு உடனே உட்காரப் போட்டிருந்த சின்ன மெத்தை ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்து அமுக்கினார். கதவு வரை சத்தம் எட்டவில்லை. சதனோரியோ சபையைத் தொந்தரவு செய்ததற்குத் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டான். அந்தக் குடும்பத்து ஆண்கள் செத்தாலும் பூசையின் நடுவில் எழ மாட்டார்கள்.

கடைசியில் பேட்டரி தீர்ந்து அவன் சாய்ந்தான். மிட்சுயே நான்கு வரிசைகளைத் தாண்டி வருவதற்குள் குனியாசு அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, நாடி இல்லை என்று அறிவித்து, நெஞ்சில் கை வைத்து அழுத்த ஆரம்பித்திருந்தார்.

"கைய எடுங்க பெரியவரே. நல்லா இருக்கறப்பவே அவருக்கு நாடி தெரியாது. பம்பு துடிக்காம ஓடிட்டே இருக்கும்."

மிட்சுயே மெத்தையைத் தூக்கி எறிந்து, தன் பையிலிருந்த மாற்று பேட்டரிகளை எடுத்து மாட்டினாள். நெஞ்சில் காதை வைத்தாள். பம்பு முனகியது. உதட்டில் நிறம் வந்தது. கண் மட்டும் திறக்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்ததும் வாசலுக்கு ஓடியவர் குனியாசுதான். இதயம் நின்றுவிட்டது, புத்தி பேதலித்த மனைவி யாரையும் தொட விடமாட்டேன் என்கிறாள் என்று ஒப்பித்தார். அதை நம்பிய ஊழியன் ஒருவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைக்கப் போனான். மிட்சுயே குறுக்கே கையை நீட்டினாள். குழுத்தலைவி அரமாகி ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள்.

"பம்பு ஓடுது. கைய எடுடா."

மிட்சுயே கொடுத்த அட்டையிலிருந்த எண்ணுக்கு அரமாகி பேசினாள். பக்கத்து ஆஸ்பத்திரி வேண்டாம், பம்பு வைத்த இடத்துக்கே கொண்டுபோவது என்று முடிவாயிற்று.

ஸ்ட்ரெச்சர் ஏறும்போது குனியாசு குழுத்தலைவியின் காதருகே குனிந்தார். தெருமுனை வரைக்கும் சைரன் வேண்டாமாம். அக்கம்பக்கம் என்ன நினைக்கும்.

"உள்ள போய் உட்காருங்க பெரியவரே," என்றாள் மிட்சுயே. "உங்க வரிசை காலியா கெடக்கு."

சைரன் வாசலிலேயே அலறியது. மூன்றாவது திருப்பத்தில் சதனோரி கண்ணைத் திறந்து, பூசை முடிந்ததா என்று கேட்டான். மிட்சுயே அவன் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.