நம்பர் இல்லாத நாற்பத்தொரு பேர்

காதுக் கருவி விற்கும் அந்தக் கடையில் வாடிக்கையாளர் விவரங்களைக் கணினியில் பார்த்துக்கொள்பவளுக்குச் ‘சல்லடை’ என்று பெயர். சின்னப் பிழைகூட அவளிடம் தப்பாது.

அன்று காலை கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. ஒரு ரகக் கருவியின் சார்ஜர் சூடேறிப் புகைகிறதாம்; வாங்கிய எல்லாரையும் போனில் எச்சரிக்க வேண்டும். நானூறு பேர். அதில் நாற்பத்தொரு பேருக்கு நம்பர் கட்டமே காலி.

“காலியை எடுத்துடும்மா. நூத்துக்குப் பத்து விட்டுப்போறது சகஜம்தானே,” என்றார் மேனேஜர்.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். கவனக்குறைவு என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக அல்லவா இருக்கணும்? அந்த நாற்பத்தொரு பேரை மட்டும் தனியாகப் பிரித்துப் பரிசோதனை முடிவைப் பார்த்தாள். வரிக்கு வரி ஒரே பதில்: இரு காதும், கேட்புக் குறைபாடு மிகக் கடுமை.

வரவேற்பு மேசைக்கு ஓடினாள். “அக்கா, இவங்ககிட்ட நம்பர் கேக்கலையா?”

“கேக்காம இருப்பேனா? ‘மணி அடிச்சாலே தெரியாது, எனக்கெதுக்கும்மா போனு’ன்னாங்க. இல்லாததை எப்படி எழுதறது?”

அவள் மேனேஜர் அறைக்குள் கதவைக்கூடத் தட்டாமல் நுழைந்தாள். “சார், இது விட்டுப்போனதில்ல. சுத்தமா காது கேக்காதவங்கதான் இந்தக் காலிக் கட்டம் பூரா. புகை அலாரம் அலறினாலும் இவங்களுக்குத் தெரியாது.”

அவர், “விலாசம் இருக்கா?” என்று கார் சாவியை எடுத்தார். நம்பர் இருப்பவர்களைக் கூப்பிடும் வேலையைக் கடையில் மற்றவர்களிடம் விட்டுவிட்டு, இந்தப் பட்டியலை மூன்றாகப் பிரித்துக்கொண்டு, அக்காவும் சேர்ந்து கிளம்பினார்கள்.

அவள் போன நாலாவது வீட்டில் கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தாள். ஒரு பெரியவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் குஷன்மேல் சார்ஜர், சொருகியபடி. கத்தினாள், கம்பியைத் தட்டினாள். அவர் பக்கம் புரட்டினார். செல்போன் வெளிச்சத்தை எதிர்ச்சுவரில் ஆட்டினாள். திரும்பிப் பார்த்தார்.

கதவு திறந்ததும் ஓடிப்போய்ச் சார்ஜரைப் பிடுங்கினாள். குஷன் துணி பழுப்பேறியிருந்தது. விஷயத்தை எழுதிக் காட்டியதும் பெரியவர் உரக்கச் சிரித்தார். “ஏம்மா, ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கலாமே!”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த விலாசம் இரண்டு தெரு தள்ளி.

சாயங்காலத்துக்குள் முப்பத்தெட்டு வீடு முடிந்தது. பூட்டிக்கிடந்த மூன்றிலும் எச்சரிக்கை எழுதிய சீட்டைக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தார்கள். மறுநாள் கடை திறக்குமுன்பே அவள் அந்த வாசல்களுக்குப் போனாள். இரண்டு திறந்தன. மூன்றாவதில் சீட்டு அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.