இடித்த பிறகும் நடந்த வகுப்பு

கட்டடத்தை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகும் அந்த லிஃப்ட் பயிற்சி நிலையத்திலிருந்து ஆட்கள் தேறி வந்துகொண்டுதான் இருந்தார்கள். சான்றிதழில் புதிய தேதி இருந்தது, மை காயாத முத்திரை இருந்தது, நிறுவனரின் கையெழுத்தும் இருந்தது. நிறுவனரோ, இடிப்பதற்கு முந்தைய மழைக்காலத்திலேயே போய்ச் சேர்ந்திருந்தார். அவரிடம் சான்றிதழ் வாங்கிய ஒருவன் பராமரித்த லிஃப்டில் ஏறினார். லிஃப்டோடு சேர்ந்து கீழே வந்தார். உயிரோடு இருந்த காலத்தில் அவர் ஒரு வகுப்பும் எடுத்ததில்லை. புகைப்படத்தைக் கொடுத்தால் மறுநாள் சான்றிதழ் கிடைக்கும், அவ்வளவுதான் படிப்பு. பாடம் நடத்தும் பழக்கம் செத்த பிறகுதான் அந்த மனிதருக்கு வந்தது.

நகரத்தின் பாதி லிஃப்ட்களைப் பராமரித்த கம்பெனியில் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் வேலை பார்த்தவளுக்குச் சல்லடை என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கு முன் அந்த வேலையை மேனேஜரே பார்த்துவந்தார். சான்றிதழில் அச்சடித்திருக்கும் நம்பருக்கே போன் போடுவார். இவர் உங்களிடம் படித்தாரா என்று கேட்பார். படித்தார் என்று பதில் வந்தால் ‘உண்மை’ என்று முத்திரை குத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். “திருடன் வீட்டுக்குப் போய், திருடன் இருக்காரான்னு திருடனையே கேக்கற மாதிரி இருக்கு சார்” என்று சல்லடை வந்த வாரத்திலேயே சொல்லிவிட்டாள். அச்சடித்த நம்பரை அவள் தொடவே மாட்டாள். பதிவு அலுவலகத்தில் வேறு நம்பர் வாங்கிப் பேசுவாள். லீவு நாளில் பஸ் ஏறிப் போய்க் கட்டடத்தையே பார்த்துவிட்டு வருவாள். முத்திரையை யார் வேண்டுமானாலும் செய்யலாம், கட்டடத்தை அச்சடிக்க முடியாது என்பது அவள் கட்சி. அப்படிப் போனபோதுதான், கம்பெனியில் ஏற்கெனவே வேலை பார்க்கும் ஆறு மெக்கானிக்குகள் படித்ததாகச் சொன்ன இடத்தில் செங்கல் தூளும் புதரும் மட்டும் இருப்பதைப் பார்த்தாள். மேனேஜரிடம் சொன்னாள். அவர் குரலைத் தாழ்த்தினார். “அந்த ஆறு பேர் பாக்கற லிஃப்ட் இதுவரைக்கும் ஒரு தடவைகூட நின்னதில்லம்மா. நல்லா ஓடறதைப் போய் ஏன் கிளறணும்?”

அவள் கிளறிக்கொண்டிருந்த நாட்களிலேயே அவளுடைய சொந்தத் தம்பியின் சான்றிதழ் மேசைக்கு வந்தது. அதே நிலையம், அதே கையெழுத்து. தம்பி அதே கம்பெனியில் எண்ணெய் போடுகிறவனாகவே நாற்பதைத் தாண்டியிருந்தான். சான்றிதழ் செல்லுபடியானால் மெக்கானிக்காகிவிடுவான். ஆஸ்பத்திரியின் லிஃப்ட்கள் அவன் பொறுப்புக்கு வரும். போலி என்றானால் அன்றே சீட்டுக் கிழிந்துவிடும். கம்பெனி விதியில் நடுவே வேறு வழி கிடையாது.

“அக்கா, கண்ணை மூடிக்கிட்டு ஒரு குத்து குத்திடு” என்றான் தம்பி.

“கண்ணைத் திறந்து வச்சிருக்கத்தான்டா எனக்குச் சம்பளம்.”

“அந்த ஆறு பேரும் அங்கதானே படிச்சாங்க? அவங்களை இன்னும் விட்டுத்தானே வச்சிருக்கே? ஊருக்கெல்லாம் மெத்தை, தம்பிக்கு மட்டும் முள்ளா?”

நியாயமான கேள்விதான். அதனாலேயே அவள் சாயங்காலம் மறுபடியும் அந்தப் பொட்டலுக்குப் போனாள். பக்கத்து மனையின் காவலாளி அவளைக் கைகாட்டி நிறுத்தினார். “வகுப்பு நடக்குதும்மா. ஓரமா நில்லு. குறுக்க போனா அவருக்குப் பிடிக்காது.” புதருக்கு மேலே, பெஞ்சு உயரத்தில், ஆட்கள் வெறுங்காற்றில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே யாரும் இல்லை. மேலேயிருந்து சாக்பீஸ் தூள் மட்டும் சன்னமாக உதிர்ந்து அவர்கள் தோளை வெளுத்துக்கொண்டிருந்தது. அவ்வப்போது ஒரு குரல், “பிரேக்கைப் பாத்தியா?” என்று கேட்டது. கேட்கப்பட்டவர் எழுந்து, “பாத்துட்டேன் சார்” என்றார். பதிலில் தடுமாற்றம் இருந்தால் குரல் மறுபடி கேட்டது. சான்றிதழை முன்பு விலைக்கு வாங்கியவர்கள்தான் முதலில் வந்தார்களாம். தூங்க முடியவில்லை, காதுக்குள் இதே கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறது என்று தாங்களாகவே வந்து உட்கார்ந்தார்களாம். காவலாளி இதையெல்லாம் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். வரிசையின் நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

மறுநாள் காலை ஆபீசில், வாழ்நாளில் முதல்முறையாக, அவள் சான்றிதழில் அச்சடித்திருந்த நம்பருக்கே போன் போட்டாள். விசாரிக்க வேறு இடமும் இல்லை. ஆழமான குழியில் காற்று இரைவதுபோன்ற சத்தத்துக்கு நடுவே அதே குரல் வந்தது.

“அந்த ஆறு பேரும் கடைசிவரைக்கும் உட்கார்ந்து தேறினவங்கம்மா. உங்க தம்பியா? சேர்ந்தாரு. பிரேக் பாடம் ஆரம்பிச்சதும் எழுந்து போயிட்டாரு. அந்தச் சான்றிதழ் நான் கொடுத்தது இல்லம்மா. அவராவே அடிச்சுக்கிட்டது.”

“காலமெல்லாம் பொய்ச் சான்றிதழ் கொடுத்தவர் நீங்க. உங்க பேச்சை நான் எப்படி நம்பறது?”

“அதனாலதாம்மா பொய் எதுன்னு எனக்குத் தெரியுது.”

அவள் போனை வைத்தாள். ஆஸ்பத்திரி லிஃப்டில் ஸ்ட்ரெச்சரில் படுத்துப் போகிறவன், யார் தம்பி பார்த்த பிரேக் இது என்று கேட்கப்போவதில்லை. தம்பியின் சான்றிதழில் ‘போலி’ என்று குத்தினாள். மற்ற ஆறு பேருக்கு எந்த முத்திரையும் பொருந்தவில்லை என்பதால், ‘நிலையம் இல்லை, பயிற்சி உண்டு’ என்று அவள் கையால் எழுதினாள். அந்த வாசகத்துக்கே மேனேஜர் ஒரு ரப்பர் முத்திரை செய்யச் சொன்னார். அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

தம்பி பெண்டாட்டி வாசலில் நின்று கேட்டாள்: “லிஃப்ட் விழுந்தா கேக்க நாலு பேர் வருவாங்க அண்ணி. எங்க குடும்பம் விழுந்ததுக்கு யாரு வருவா?” தம்பி அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பொட்டலுக்குப் போய், செத்தவரோடு சண்டைக்கு நின்றான். “கேட்டவனுக்கெல்லாம் வித்தே, நான் ஒருத்தன் சொந்தமா அடிச்சதுதான் குத்தமாயிடுச்சா?” பதிலுக்கு, “பிரேக்கைப் பாத்தியா?” என்ற கேள்விதான் வந்தது. தடுமாறினான். வரிசையில் காலியாக இருந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்தான். காற்று அவனைத் தாங்கிக்கொண்டது.

அதற்குப் பிறகு ஒரு கோடை போயிற்று, ஒரு மழைக்காலமும் போயிற்று. அவன் தலை சாக்பீஸ் தூளால் வெளுத்து, குளித்தாலும் கறுக்காமல் நின்றுவிட்டது. தேறி வந்தபோது சல்லடை மறுபடி போன் போட்டுக் கேட்டாள். புது முத்திரையைக் குத்தினாள். கம்பெனி அவனைத் திரும்ப எடுத்துக்கொண்டது, ஆஸ்பத்திரி லிஃப்ட்களை அவனிடமே ஒப்படைத்தது. அக்காவிடம் மட்டும் அவன் கடைசிவரை பேசவில்லை. ஒரே வீட்டு விசேஷத்தில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டாலும் பேசவில்லை.

அவன் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. ஆஸ்பத்திரியில் காலையில் முதல் லிஃப்ட் கிளம்பும் முன் இருட்டுக் குழிக்குள்ளிருந்து அதே கேள்வி கேட்கிறது. கொஞ்சம் தள்ளி, “பாத்துட்டேன் சார்” என்று அவன் குரல் பதில் சொல்கிறது. பதில் வராத நாளில் ஸ்ட்ரெச்சரைப் படிவழியே தூக்குகிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சல்லடை தினமும் முதல் லிஃப்டுக்கு வந்து நிற்கிறாள், பதிலைக் கேட்டபடி மேலே போய்விட்டுக் கீழே வருகிறாள். லிஃப்ட்காரர் இப்போதெல்லாம் எந்த மாடி என்று அவளைக் கேட்பதில்லை.