பேய் பேசும்வரை பொறுங்கள்

1

என் அவமானத்தில் பிறந்த கதை இது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாங்காக்கில் பதினோரு வருடம் குப்பை கொட்டியும் எனக்கு இந்த ஊர் பாஷை காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் வரும். போன மாதம் ஒரு பேய்ப்படத்தைச் சப்டைட்டிலோடு பார்க்கப் போனேன். படத்துக்கு முன்னால் போடும் அரசர் பாட்டுக்கு எழுந்து நின்று உட்கார்ந்தவரை எல்லோரோடும் ஒன்றாகத்தான் இருந்தேன். இடைவேளைக்குப் பிறகு—

(பொய். இங்கே இடைவேளை கிடையாது. பழக்கதோஷம்.)

ஒரு கட்டத்தில், நடிகை வாய் திறப்பதற்கு முன்பே சப்டைட்டிலைப் படித்து நான் சிரித்துவிட்டேன். முன்வரிசையில் இருந்த ஐந்து வெளிநாட்டுக்காரர்களும் சிரித்தார்கள். பக்கத்து இருக்கை அம்மாள் என்னை முறைத்தார்.

2

“மழையில் நனைந்தபடி தாரிகா நடந்து வந்தாள்.” வேண்டாம். அவளிடம் ரயில் அட்டை இருக்கிறது.

திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்ததால் தாரிகாவை உண்டாக்கினேன். ஐம்பத்திரண்டு வயது, உபோன் ஊர்க்காரி, தாய்லாந்துப் படங்களுக்கு ஆங்கிலச் சப்டைட்டில் எழுதுகிறவள். என்னிடம் திட்டு வாங்குகிற ஆளில்லை என்று இரண்டாம் பத்தியிலேயே தெரிந்துவிட்டது.*

3

வம்பு வந்த காட்சி இதுதான். செத்துப்போனவள் தன் இறப்புச் சான்றிதழை வாங்கத் தானே ஆபீசுக்குப் போகிறாள். குமாஸ்தா ஒரு விதியைச் சொல்கிறார். பேய் இரண்டே வார்த்தையில் பதில் சொல்கிறது:

“பே—

(இல்லை. இப்போதே சொன்னால் தாரிகா செய்த தவறையே நானும் செய்தவனாவேன்.)

விதியையும் பதிலையும் ஒரே சப்டைட்டிலில் போட்டிருந்தாள் தாரிகா. படித்தவர்கள் முந்திக்கொண்டு சிரிக்க, அந்தச் சத்தத்தில் பேயின் குரல் அமுங்கிப்போனது. பட நிறுவன மேலாளர் விரோட் மறுநாளே வந்துவிட்டான்.

“சாப்டாச்சாக்கா?”

“விஷயத்துக்கு வா.”

“அஞ்சு வெளிநாட்டுக்காரங்க சிரிச்சதுல நம்மாளுங்க எழுபது பேருக்கு வசனமே கேக்கல. சப்டைட்டிலே வேணாங்குறாங்க தியேட்டர்ல. வெளிநாட்டுக்கும் அப்படியே அனுப்பிடலாம்னு இருக்கோம்.”

“அனுப்பு. ஊமைப்படம்னு பேரு போட்டு அனுப்பு.”

“கோவப்படாதீங்கக்கா...”

“தப்பு என்னுதுதான். ஆனா எங்க ஊர்ப் பேய்டா அது. அவ பேச்சு உலகம் பூரா கேக்கணும். தியேட்டர்ல ஒரே ஒரு ஷோ குடு. எல்லாரும் ஒண்ணா சிரிக்கலேன்னா நானே என் பேரை எடுத்துடறேன்.”

இதை எழுதியபோது என் நெஞ்சு நிமிர்ந்துகொண்டது. நான் பெற்ற பெண்ணா என்ன? இருந்தும் பெருமையாகத்தான் இருந்தது.

4

அவள் செய்தது சின்ன வேலைதான். சப்டைட்டிலை இரண்டாக வெட்டினாள். பேய் வாய் திறக்கும் நொடிவரை பதிலைத் திரைக்கு வரவிடவில்லை. அதற்காக அந்த உதடுகளை நாற்பது முறை ஓட்டிப் பார்த்தாள்.

முடிவு அ: அரங்கமே அதிர்கிறது, விரோட் அவள் காலில்— சே, நம்மூர் சினிமா.

முடிவு ஆ: யாருமே சிரிக்கவில்லை. (இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.)

5

அதனால் முடிவு உங்கள் கையில். உள்ளே வந்து உட்காருங்கள். முன்வரிசையில் வெளிநாட்டுக்காரர்கள், உங்கள் பக்கத்தில் என்னை முறைத்த அதே அம்மாள். கடைசி வரிசையில் தாரிகா திரையைப் பார்க்கவில்லை, உங்கள் பிடரியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். குமாஸ்தா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொல்கிறார்:

“இறந்தவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்.”

பொறுங்கள். பேய் அவரைப் பார்க்கிறது. மேசையைப் பார்க்கிறது. இப்போது வாய் திறக்கிறது:

“பேனா இருக்கா?”

---
* சிலியிலிருந்து ஒரு பெண் தாரிகாவுக்குக் கடிதம் போட்டிருந்தாள். சப்டைட்டில் இல்லாத ஒரு தாய்லாந்துப் பட டிஸ்க்கை வாங்கி நான்கு முறை பார்த்தாளாம். “அந்த ஆள் அழும்போது என்ன சொல்கிறார்?” என்று கேட்டிருந்தாள். தாரிகா மூன்று பக்கம் பதில் எழுதினாள்.