பதினோரடிப் பலகை

பலகையைத் திருப்பிப் போட்ட பிறகுதான் கோலப்பன் ஆசாரிக்குத் தான் செய்துவைத்த காரியம் புரிந்தது. தாங்கியில் உட்காருவதற்காக அடிப்பக்கத்தில் காலையில் அவனே முடுக்கிய இரும்புத்தகடு இப்போது நடுவில் இல்லை. அதற்கு ஒரு பக்கம் ஆறடி, மறுபக்கம் ஐந்தடி. தகட்டைக் கழற்றி நகர்த்தலாம் என்றால், பக்கத்திலேயே மறுபடி துளை போட்டால் மரம் பிளந்துவிடும். அறுத்துத் தள்ளிய ஓரடித் துண்டு மரத்தூளுக்குள் கிடந்தது. அதை எடுத்து முனையோடு சேர்த்துவைத்துப் பார்த்தான். அறுத்த மரம் ஒட்டுமா என்ன? இருபத்தைந்து வருஷம் உளி பிடித்தவன் செய்கிற வேலையா இது என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

நாகர்கோவிலில் நகரசபைப் பூங்காவைப் புதுப்பிக்கும் வேலை. வாத்தியக்காரர்கள் உட்காரும் எண்கோண மேடைக்கு உத்திரம் மாற்றியாயிற்று. ஊஞ்சலும் சறுக்குமரமும் முடிந்தன. மிச்சம், இரு முனையிலும் பிள்ளைகள் உட்கார்ந்து மாறி மாறி ஏறி இறங்குகிற இந்தப் பலகை ஒன்றுதான். ஓவர்சியர் ஞானதாசன் இதைச் சீசா என்பார். கோலப்பனுக்கு அந்தப் பெயர் வாயில் நிற்காது, துலாப்பலகை என்பான். விடிந்தால் நவம்பர் ஒன்று. திருவிதாங்கூரை விட்டு ஊர் தமிழ்நாட்டோடு சேர்கிறது, பூங்காவில் விழா. வேலை பழுதில்லாமல் முடிந்தால் நகரசபையில் நிரந்தர ஆசாரி என்று ஓவர்சியர் வாக்குக் கொடுத்திருந்தார். உளிப்பையைத் தூக்கிக்கொண்டு கொட்டாரத்துக்கும் களியக்காவிளைக்கும் அலைய வேண்டாம். அந்த வேலைக்காக அவன் ஏங்கிக் கிடந்தான்.

ஓவர்சியர் தந்த வரைபடத்தில் போட்டிருந்தது பன்னிரண்டடி. மனையடி சாஸ்திரத்தில் பன்னிரண்டு ஆகாது, கைப்பொருளைக் கரைத்துவிடும். பதினொன்றோ பிள்ளைச் செல்வம் தரும். பிள்ளைகள் ஏறி ஆடுகிற பலகைக்குப் பதினொன்றை விட்டால் வேறு கணக்கு உண்டா? ஊர்ப் பிள்ளைகளுக்காகத்தான் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டான். மனசு அப்படி எளிதில் ஏமாறுமா? அவனுக்கும் பகவதியம்மாளுக்கும் கல்யாணமாகிப் பதினாலு வருஷம். நாகராஜா கோயிலில் அவள் பால் ஊற்றாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. மத்தியானம் கோட்டாறு ரோட்டில் வெடியும் கொட்டுமாக ஊர்வலம் போனபோது, அவன் தலைக்குள் பதினொன்று மட்டும்தான் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு முனையிலிருந்து பதினோரடி அளந்தான், மிச்சத்தை அறுத்தான். அடியில் தகடு இருக்கிற ஞாபகமே வரவில்லை.

மேற்பார்வைக்கு வந்த ஞானதாசன், தாங்கியில் ஏற்றியிருந்த பலகை ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தார். கேட்டதும் கோலப்பன் ஒளிக்காமல் சொல்லிவிட்டான்.

"மனையடி வீட்டுக்குல்லா ஓய் பாக்கது? இதுல ஆரு குடியிருக்கப் போறா?"

"தப்புதான் சாரே. வேற அயனிமரப் பலகை ஒண்ணு தந்தா இருட்டுக்கு முன்ன முடிச்சிருவேன்."

"ஆருகிட்ட எழுதிக் கேக்க? திருவனந்தபுரத்துக்கு எழுதினா, நாளையிலேருந்து நீங்க எங்க ஆளு இல்லேம்பான். மெட்ராஸுக்கு எழுதினா, இண்ணைக்கு நீ ஆருலேம்பான்." சொல்லிவிட்டு அவரே ஒரு நிமிஷம் குழம்பி நின்றார். "மத்தப் பக்கமும் ஓரடி அறுத்துத் தள்ளும். அஞ்சுக்கு அஞ்சு. ஆபீசுக்குப் போயிட்டு வாறேன். அதுக்குள்ள சரியாகல்லேண்ணா, வேலைய மறந்துக்கிடும்."

அவர் போனதும் கோலப்பன் அரத்தால் வாளின் பல்லைத் தீட்டினான். தீட்டின வாளையே மறுபடி தீட்டினான். அறுத்தால் வேலை நிலைக்கும், பதினொன்று போகும். அறுக்காவிட்டால் பதினொன்று நிற்கும், சோறு? பலகை பத்தடி ஆனதும் கிடைக்கிற பிள்ளை கிடைக்காமல் போய்விடுமா? இத்தனை வருஷம் கிடைக்காததற்கு எந்தப் பலகையை அறுத்தான்? ஒன்றும் பிடிபடவில்லை.

பகவதியம்மாள் தூக்குச்சட்டியில் சுக்குக்காப்பியோடு வந்தாள். நடந்ததைச் சொன்னான்.

"அறுத்தா பத்துல்லா? பத்துக்கு என்ன பலன்?"

"மாடு கண்ணு பெருகுமாம்."

"நம்ம வீட்டுல ஒரு கோழி நிக்கல்ல." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "எனக்காகவா இத அறுத்திய?"

அவன் வாளை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் போனான். அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு, தரை தொட்டுக் கிடந்த நீளப்பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா? ஆராம் பாத்தா?"

"அறுக்கப்போறத ஒருக்கா ஆடிட்டு அறுங்க. வாருங்க."

வாளும் கையுமாக அவன் குட்டைப்பக்கத்தை அமுக்கி ஏறினான். அவன் பருத்த உடம்பு, அவள் ஈர்க்குச்சி. அவன் இறங்கினான், அவள் உயர்ந்தாள், பிறகு அவன் உயர்ந்தான். மூன்றாவது தடவை பலகை மெல்ல நின்றது. கோலப்பன் தொழில் கண்ணோடு பார்த்தான். ஆறுக்கு ஐந்தாகவே நூல் பிடித்தாற்போல மட்டம்.

பூங்காக் கதவு கிரீச்சிட்டது. "ஆசாரி, அறுத்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஞானதாசன் வந்தார்.

கோலப்பன் வாளை மடியில் போட்டான். குதித்து இறங்கக் காலை எடுத்தான். எதிர்ப்பக்கம் சட்டென்று தாழ்ந்தது.

"இறங்காதீங்க, நான் விழுந்திருவேன்," என்றாள் பகவதியம்மாள். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்திருந்தாள்.

காலைத் திரும்பப் போட்டான். பலகை ஆடி ஆடி மறுபடி மட்டத்துக்கு வந்தது. இருவர் காலும் தரையில் இல்லை. பதினோரடி அப்படியே இருந்தது, வாள் அவன் மடியில் சும்மா கிடந்தது. ஓவர்சியரின் செருப்புச் சத்தம் சரல்கல் பாதையில் நெருங்கி வந்தது.